தசையைத் தளர்த்துற ஊசி

என்னங்க,

என் சாவி மேல்வீட்டு அக்காகிட்ட இருக்கு. சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல, சூடு பண்ணிக்கோங்க. பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவாரு.

நேத்து ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடு"ன்னீங்க. அப்போ டிபன் பாக்ஸை மட்டும் நீட்டினேன். இப்போ எழுதுறேன். ஆறு வருஷமா, பிறப்புறுப்புல துணி உரசினாலே தீ வச்ச மாதிரி எரியுது. தையல் மெஷின் முன்னாடி உட்காரவே முடியல. "எல்லாம் உன் மனப்பிரமை"ன்னு முதல்ல பார்த்த டாக்டர் சொன்னாரு. அந்தக் குரல் இன்னும் இந்த வீட்டுக்குள்ளயே நடமாடுது. அதனாலதான் உங்ககிட்டகூட வாயைத் திறக்கல. நீங்க பக்கத்துல வந்து படுத்தாலே, என்னைக் கேட்காமலே உடம்பு இறுகிக்குது. பயம் உங்க மேல இல்ல, வலி மேல.

இப்போ பார்க்கிற டாக்டரம்மா நம்பினாங்க. அங்க தசை இறுகிக் கிடக்குதாம், தளர்த்துற ஊசி போட்டுப் பார்க்கலாம்னாங்க. எல்லாருக்கும் கேட்காதாம்; கேட்டாலும் சில மாசம்தானாம். இன்னைக்குப் போடுறாங்க. தையல் கடையிலிருந்து நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுவேன்.

துணி காயப் போட்டிருக்கேன், மழை வந்தா எடுத்துடுங்க.

செருப்பு மாட்டினப்புறம் திரும்பி வந்து எழுதுறேன்: ரெண்டு மணிக்கு, மகளிர் பிரிவு, முதல் மாடி. உங்களுக்குத் தூக்கம் கெடும்தான். ஆனா வந்தீங்கன்னா என் கையைப் பிடிச்சுக்கோங்க. கையில எனக்கு வலி இல்ல.