நிமிடத்துக்கு அரை டிகிரி

செவ்வாய் கிரகம், அமில ஆலை. நாள் 611
09:10 | கலன் 20°

ஆமாம், வேண்டுமென்றேதான் கலனை மெதுவாகச் சூடேற்றுகிறேன். மேலாளர் ஞானசிகாமணி ரேடியோவில் அதைத்தான் கேட்டார். பதிலை இங்கே எழுதுகிறேன், கண்டெடுப்பவர் படிக்கட்டும். நான் அன்வர். கலன் பராமரிப்பு. பாலிடெக்னிக்கில் பாதியில் நின்றவன்.

எஃகுக் கலன், உள்ளே முழுக்கக் கண்ணாடிப் பூச்சு. சட்டென்று சூடேற்றினால் பூச்சு வெடிக்கும், அமிலம் எஃகைத் தின்னும். மெதுவாக ஏற்றினால் இருபது வருடம் உழைக்கும். பூமிக்குத் திரும்பிப் போகும் ஊர்திக்கான எரிபொருள் இந்தக் கலனில் 140 டிகிரியில்தான் உருவாகும். 12:35க்குள் கிளம்ப வேண்டும். விட்டால் அடுத்த வாய்ப்பு இருபத்தாறு மாதம் கழித்து. சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஏழு மாதத்துக்குத்தான்.

09:40 | 35°

போன மாதம் ஜெசிந்தா அக்கா கலனுக்கு அடியில் வால்வு மாற்றிக்கொண்டிருந்தார். உற்பத்தி அவசரம், கலனைச் சூடேற்றும் நீராவியை முழுதாகத் திற என்றார் மேலாளர். திறந்தவன் நான். பூச்சு வெடித்தது, எஃகைத் தின்று அமிலம் கீழே கொட்டியது. அக்கா வெளியே வரவில்லை.

அறிக்கையில் மேலாளர் எழுதியது: ஜெசிந்தா கலனுக்குள் ஸ்பேனரைத் தவறவிட்டார், அதில் பூச்சு உடைந்தது. உள்ளே இறங்குமுன், விழுந்து பூச்சைக் கீறிவிடுமென்று சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றி வைப்பவர் அவர்.

வெடித்த இடத்தை, அமிலம் அரிக்காத டான்டலம் உலோகத் தகட்டால் அடைத்தேன். மேலாளர் புது விதி போட்டார், தன்னை நல்லவனாகக் காட்ட: நிமிடத்துக்கு அரை டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது. கையெழுத்து அவருடையது. பின்பற்றுகிறேன்.

10:50 | 70°

"தம்பி, கன்ட்ரோல எங்கிட்ட குடு" என்றார் மேலாளர் ரேடியோவில். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். பதவி உயர்வு தருவதாகச் சொன்னார். பிறகு, படிப்பை முடிக்கப் பொறுமை இல்லாதவனுக்கு இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

11:50 | 100°

பூமிக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார், பூமியில் எல்லோரும் கேட்கும் அலைவரிசையில்.

"ஜெசிந்தா மேல தப்பு இல்ல. நீராவிய முழுசா திறக்கச் சொன்னது நான். அறிக்கை பொய்."

பதிவாகிவிட்டது. அழுதார்.

"இப்பவாவது ஏத்துடா. ஒரு டிகிரி வேகம் தாங்கும்னு உனக்கே தெரியும்."

தெரியும். இப்போது வேகம் கூட்டினால் 12:30க்கு 140.

"விதி உங்களுது சார்" என்றேன்.

12:35 | 122.5°

நேரம் முடிந்தது. பூச்சில் ஒரு கீறல் இல்லை. எனக்கும் வேறு ஊர்தி கிடையாது, அது தெரிந்துதான் செய்தேன். மேலாளர் ஏணியில் இறங்கி வருகிறார். கையில் சுத்தியல். என்னை அடிக்கவா, கலனை அடிக்கவா, தெரியவில்லை. கலனைத் தொட விடமாட்டேன். நான் போக வேண்டும், இப்போதே