பரங்கிக்காயும் ஸ்பீக்கர் காந்தமும்

இன்று காலையில் பீரோவைத் திறக்கப் போனேன். கதவில் ஒட்டியிருந்த பழைய ஸ்பீக்கர் காந்தம் கையோடு வந்துவிட்டது. அதில் இன்னும் உன் நிலத்துத் துரு வாசனை. உன்னை அடக்கம் செய்து இரண்டு மழைக்காலம் போயிற்று. துருவுக்கு அது தெரியவில்லை.

சித்தூரில் என் பேட்டரிக் கடைக்குப் பின்னால்தான் உன் நிலம். பழைய பேட்டரிகளை வேலியோரம் உடைத்து, கழுவின தண்ணீரை உன் பக்கம் சாய்த்துவிட்டவன் நான்தான், வருஷக்கணக்கில். தண்ணீர்தானே என்று நினைத்த அறிவாளி. மண்ணைச் சோதித்தவர்கள், ஈயம் ஏறியிருக்கிறது, தின்கிற எதையும் போடாதீர்கள் என்றார்கள்.

அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் தங்கள் விளைச்சலைச் சர்ச் மேசைமேல் வைத்தபோது, நீ வெறுங்கையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாய்.

"மார்க்கெட்ல ஒரு பரங்கிக்கா வாங்கிக்கினு வந்திருக்கலாமேடா" என்றேன்.

"என் மண்ணுல வெளஞ்சதத்தான்டா வைக்கணும்" என்றாய். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் இந்தக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி உன் நிலமெல்லாம் இழுத்தேன். ஈயமும் உலோகம்தானே, சாயங்காலத்துக்குள் சுத்தமாகிவிடும் என்று பத்தாவதோடு நின்ற மூளை சொன்னது. கிடைத்தது கொஞ்சம் ஆணி, ஒரு லாடம். நீ வரப்பில் உட்கார்ந்து, "இன்னாடா, கயித்தப் புடிச்சிக்கினு போறியே, மாடு எங்கடா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

திருப்பதியில் படிக்கும் என் மகளிடம் போனில் சொன்னேன். "ஐயோ நைனா, ஈயம் காந்தத்துல ஒட்டாது" என்றவள், தன் கல்லூரி ஆராய்ச்சிக்காரர்களையே கூட்டிவந்தாள். நான்கு கட்டில் போடுமளவு இடத்து மண்ணை வெட்டி, டிரம்மில் சேறாகக் குழைத்து, இரும்பு கலந்த கருப்புப் பொடியைப் போட்டுச் சுழற்றினார்கள். பொடி ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும், காந்தம் பொடியை இழுத்துக்கொள்ளும் என்றாள் மகள்.

"அப்போ பொடிதான் கல்யாணத் தரகரு" என்றாய் நீ.

"தரகரு இல்ல சித்தப்பா, பொண்ண இட்டுக்கினு ஓடற மாப்ள!"

காந்தத்தைச் சேற்றில் இறக்கினார்கள். அடியிலிருந்து கருப்பு மெல்ல மெல்லக் கிளம்பி வந்து, பூனை முதுகு மாதிரி அதன்மேல் சிலிர்த்து நின்றது. வெயில், டிரம் சத்தம், எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போனதுபோல இருந்தது. நீ கனவு காண்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டே, "இன்னொரு வாட்டி எடுக்கச் சொல்லுடா" என்றாய். எத்தனையோ வாட்டி எடுத்தார்கள். அந்த மண்ணுக்கு எருப் போட்டு ஆறவிட்டிருந்த நாட்களில்தான் உன் நெஞ்சு நின்றுபோயிற்று.

இந்த வருஷம் அங்கே பரங்கி விதை போட்டேன். முதல் காயைச் சோதனைக்குத் திருப்பதிக்கு அனுப்பினேன். "துன்னலாம் நைனா" என்று மகள் போன் செய்த பிறகு, கொடிக்கு இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றினேன். மீதி நிலம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதை முடிக்காமல் நான் உன்னிடம் வருவதாக இல்லை.

இன்று அறுப்பின் பண்டிகை. இரண்டாவது காயை மேசைமேல் வைத்து, சீட்டில் உன் பெயரை எழுதினேன். பிறகு பின்வரிசையில், உன் இடத்துக்குப் பக்கத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். போதகர் உன் பெயரைப் படித்து, ஜெபத்துக்கு எழும்பச் சொன்னார். நான் எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. காலையில் அந்தக் காந்தத்தைக் கால்சட்டைப் பையில் போட்டதை மறந்தே போயிருந்தேன்.

சபையே கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் உன் காலி இடத்தைப் பார்த்தேன். சிரிப்பாய் என்று காத்திருந்தேன்.