காந்தப் பட்டன் வைத்த முப்பது பைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அம்மாவின் தையல் மெஷினும் சுகம்தான், அது நின்றால்தானே வீடே நிற்கும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கிற அந்தக் குட்டி ஆளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், தினமும் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு அதுதான். இந்த எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. எழுதுவது நான்தான், முழு நினைவோடுதான் எழுதுகிறேன். ஒரு வருஷமாக உனக்குக் கடிதம் போடாததற்கு மூக்குக்கண்ணாடியைக் காரணம் சொன்னேன், உன் பிரசவத்துக்கு வரமுடியாது என்பதற்கு முட்டி வலியைக் காரணம் சொன்னேன். இரண்டும் பச்சைப் பொய். கண்ணாடி மூக்கிலேயே இருக்கிறது, முட்டி இன்னும் மூன்று மாடி ஏறும். எனக்குக் கை நடுங்குகிறது, விஷயம் அவ்வளவுதான். டாக்டரிடம் காட்டியாயிற்று, உயிருக்கு ஒண்ணும் இல்லைங்க, ஆனா இது போகவும் போகாது, பழகிக்கங்க என்று சொல்லிவிட்டார். கடையை உன் சித்தப்பாவிடம் விட்டதும் இதனால்தான், வயசாகிவிட்டது என்று ஊருக்குச் சொன்னதெல்லாம் சும்மா. நாற்பது வருஷம் பூட்டு ரிப்பேர் பண்ணின கை, கண்ணை மூடிக்கொண்டு கம்பியை விட்டுத் திறந்த கை, இப்போது சாவியைத் துவாரத்தில் நுழைக்கவே நாலு தடவை சுற்றி வருகிறது. தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் வாய்க்கு வருவதற்குள் பாதிச் சட்டைக்குப் போய்விடுகிறது. இந்தக் கையில் நீ உன் குழந்தையைக் கொடுப்பாய், நான் எப்படி வாங்குவேன்? கீழே போட்டுவிட்டால்? அந்தப் பயத்தில்தான் அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் எடு, எனக்கு வேண்டாம் என்றேன். போனில் உன்னை ஏமாற்றிவிடலாம், குரல் நடுங்கவில்லை பார். காகிதத்தில் ஏமாற்ற வழியில்லை. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை, அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், அவசரப்படாமல் படி, காலை நீட்டி உட்கார்ந்துகொள். போன மாதம் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் உன் அம்மாவைத் தேடி வந்தார். புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்குப் போகும்போது துணிமணி வைத்துக் கொடுக்க முப்பது பைகள் வேண்டும் என்றார். ஏற்கெனவே வேறு ஒருவர் தைத்துக் கொடுத்ததில் ஜிப் வைத்திருந்தார்களாம். ஒரு கையில குழந்தை இருக்கும், மிச்சம் ஒரு கைதான், ஒரு கையால ஜிப்பை இழுத்தா பையும் சேர்ந்து வருது, அழுவுற பிள்ளையை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணுங்க பல்லால கடிச்சு இழுக்குதுங்க என்று சொன்னார். உன் அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, காந்தப் பட்டன் வச்சுத் தரேன் என்றாள். நான் அதுவரை அதைப் பார்த்ததில்லை. பெட்டியில் வந்தது. நாணய அளவு, இரண்டு பாதி, ஒன்றில் காந்தம், இன்னொன்று அதன் குழிக்குள் உட்கார ஒரு சின்ன மொட்டு. இரண்டுக்கும் பின்னால் தகடு மாதிரி மெல்லிசாக இரண்டு கால்கள். அந்தக் கால்களைத் துணிக்குள் விட்டு, பின்பக்கம் ஒரு வாஷர் போட்டு, மடக்கிவிட வேண்டும். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சாவி கிடையாது, தாழ் கிடையாது, பிடித்து இழுத்தால் திறந்துகொள்ளும் என்றால் இதுவும் ஒரு பூட்டா என்று கேட்டேன். இது திருடனுக்காக இல்லைங்க, பெத்தவளுக்காக என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துணியை வெட்டப் போய்விட்டாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் ஒரு பாதியை மேஜையில் வைத்து, இன்னொன்றைக் கையில் எடுத்தேன் கண்ணு. என் கை வழக்கம்போல ஆடிக்கொண்டுதான் இருந்தது, இடமும் வலமுமாக அலைந்தது. கிட்டே கொண்டுபோனேன், இன்னும் ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி இருக்கும்போது டக் என்று தானே போய் உட்கார்ந்துகொண்டது. நடுவில், பிசகாமல். நான் அசந்துபோய்விட்டேன். பூட்டு என்றால் என்ன, தாழும் அதன் துவாரமும் நேருக்கு நேர் நிற்க வேண்டும், ஒரு மயிரிழை தவறினாலும் விழாது, அந்த மயிரிழைக்காகத்தான் ஆயுசு முழுக்க அரம் தேய்த்தேன். இதற்கு அதெல்லாம் வேண்டாம், கிட்டே கொண்டுவந்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது. எத்தனை தடவை திறந்து மூடினேன் என்று எனக்கே தெரியாது. அம்மாவின் குண்டூசி டப்பாவைத் தாண்டி எடுத்துப் போனால் ஊசி எல்லாம் எழுந்து நிற்கிறது, கத்தரிக்கோல் மேஜையில் நகர்ந்து வருகிறது. அறுபத்தாறு வயசில் சின்னப் பிள்ளை மாதிரி விளையாடிக்கொண்டிருந்தேன் என்று நீ சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே, கடையில் உட்கார்ந்து ஊரெல்லாம் சொல்வான். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ரொம்ப சாதாரணமாக, எனக்குக் கட்டை விரல் வலிக்குது, இந்தக் காலை மடக்குற வேலையை நீங்க செஞ்சு கொடுங்க என்றாள். கோடு போடுவதும் துணியில் கீறல் விடுவதும் அவள், கால்களை நுழைத்து மடக்குவது நான். மடக்குவதற்கு நிதானம் வேண்டாம், அழுத்தம் போதும். அழுத்தம் இந்தக் கையில் இன்னும் இருக்கிறது.

இனி என் கெட்டிக்காரத்தனத்தைக் கேள். முதல் நாள் ஆறு பைக்கு முடித்தேன், லைனிங் துணியில்தான் முதலில் பட்டன் வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அதை வெளித்துணியோடு சேர்த்துத் தைப்பது. மேஜையில் அவள் சின்னச் சின்னச் சதுரமாகக் கேன்வாஸ் வெட்டி ஒரு கிண்ணத்தில் போட்டிருந்தாள், காலர்களுக்குள் வைக்கிற மொரமொரப்பான துணி. நான் கடையில் பழகினவன் ஆயிற்றே, கையெட்டும் தூரத்தில் கிண்ணத்தில் வெட்டுத்துணி இருந்தால் அது எதற்கு, எண்ணெய் துடைக்கத்தானே. குறட்டுக்கு நன்றாக எண்ணெய் போட்டேன், பட்டனின் ஒவ்வொரு பாதி முடிந்ததும் ஒரு துண்டை எடுத்துக் குறட்டைத் துடைத்து, கையைத் துடைத்து, கசக்கிக் கீழே போட்டேன். பன்னிரண்டு பாதி, பன்னிரண்டு துண்டு. சாயங்காலம் அம்மா ஒரு பையை முழுசாகத் தைத்து முடித்து, தண்ணீர் பாட்டிலும் இரண்டு புத்தகமும் உள்ளே வைத்து மூடித் திறந்து பார்த்தாள். நாலாவது தடவை இழுக்கும்போது பட்டன் திறக்கவில்லை, துணியோடு பிய்த்துக்கொண்டு கையில் வந்துவிட்டது. உள்ளே திருப்பிப் பார்த்தாள், கேன்வாஸ் எங்கே என்றாள், நான் கீழே காட்டினேன். அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மரத்திலும் இரும்பிலும் ஆணி அடிச்ச கை உங்களுது, அதெல்லாம் தன்னால தாங்கும், துணி தாங்காதுங்க, அதுக்குப் பின்னால ஒண்ணு வச்சுப் பிடிக்கணும் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு துணிப் பையையே இந்தக் கையை நம்பிக் கொடுக்க முடியவில்லை, நான் டிக்கெட் வேண்டாம் என்று சொன்னது எவ்வளவு சரி என்று மனசுக்குள் ஓடியது. எழுந்து போய் முற்றத்தில் நின்றுகொண்டேன். அவள் கூப்பிடவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் புதிதாக வெட்டின கேன்வாஸ் கிண்ணத்தில் இருக்கிறது, பக்கத்தில் என் பழைய பனியன் ஒன்றைக் கிழித்து மடித்து வைத்திருக்கிறாள், துடைப்பதற்கு. திரும்ப வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன். மடக்கின கால்களை நிமிர்த்தி, கேன்வாஸ் வைத்து, திரும்ப மடக்கினேன். இரண்டு கால் ஒடிந்தது, பெட்டியில் உபரி இருந்ததால் தப்பித்தேன். அதற்குப் பிறகு பிடித்து இழுத்தால் முழுப் பையும் கையோடு வரும், பட்டன் அசையாது. முப்பதும் முடிந்த அன்றைக்கு வரிசையாகச் சோபாவிலும் கட்டிலிலும் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனேன். டக், டக், டக் என்று முப்பது தடவை. அந்தச் சத்தம் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா.

போன வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தோம். நான் கீழேயே நிற்கிறேன் என்றேன், இரண்டு மூட்டையை நான் ஒருத்தியா தூக்க முடியும் என்று என்னையும் இழுத்துப் போனாள். மூட்டையைக் கட்டிப் பிடித்திருந்தால் நடுக்கம் வெளியே தெரியாது, அதனால் இறக்கி வைத்ததும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், உன்னைவிடச் சின்னவளாக இருக்கும், வீட்டுக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பிறந்து மூன்று நாளான பிள்ளை, விடாமல் அழுகிறது. நர்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்து, இதை ஒரு கையால தொறந்து பாரும்மா என்றார். அவள் ஒரு விரலை விட்டு இழுத்தாள், திறந்தது, விட்டாள், டக் என்று மூடிக்கொண்டது. அந்தப் பெண் முகத்தில் ஒரு வெளிச்சம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசையில், கொஞ்சம் பிடிங்க தாத்தா என்று பிள்ளையை என் மடிப்பக்கம் நீட்டிவிட்டாள். எப்போது பாக்கெட்டிலிருந்து கை வெளியே வந்தது என்றே தெரியவில்லை. பிள்ளை என் இரண்டு கையிலும் இருக்கிறது. கடையில் நான் கழற்றி மாட்டின கேட்டுப் பூட்டு அதைவிடக் கனம். மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன், ஆனால் கை நிற்கவில்லை, என்ன செய்தும் நிற்கவில்லை, பிள்ளையும் சேர்ந்து மெல்ல ஆடுகிறது. எனக்கு வியர்த்துவிட்டது, கூப்பிடலாம் என்று உன் அம்மாவைத் தேடுகிறேன், அவள் எதிர்ப்பக்கம் பைகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்போதுதான் கவனித்தேன், அழுகை இல்லை. குனிந்து பார்த்தால் வாயைக் கோணிக் கொட்டாவி விட்டது, கண்ணைச் செருகிக்கொண்டது, தூங்கியேவிட்டது. அந்தப் பெண், தாத்தா எவ்வளவு நல்லா ஆட்டுறீங்க, நான் விடியவிடிய ஆட்டியும் தூங்கலையே என்கிறாள். நர்ஸும் பார்த்துவிட்டு, நிறுத்தாதீங்கய்யா, அப்படியே ஆட்டிக்கிட்டே இருங்க, வண்டி வர நேரம் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நிறுத்தாதே என்று எனக்கு ஒருத்தர் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. இதை நிறுத்த நான் எத்தனை மாத்திரை விழுங்கினேன், ராத்திரி கையின்மேல் தலையணையை வைத்துப் படுத்தேன், உன்னிடம் பொய் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு அது ஒன்றும் தெரியாது. தன்னை யாரோ ஆட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் தூங்கியது, நான் அரைமணி நேரமும் அதன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன், மறைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடத்தில், காலிச் சாக்கு இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள் பார், அப்படி ஒரு முடிச்சு, அதை அவிழ்க்க எனக்குக் குறடு தேவைப்பட்டது. கட்டை விரல் வலியாம். இந்த வீட்டில் பொய் சொல்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆகையால் கண்ணு, இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடு, அம்மாவுக்குப் பக்கத்து சீட்டாகப் பார்த்து எடு. முட்டிக்குத் தைலம் வாங்கி வைத்தேன் என்று மாப்பிள்ளை சொன்னாராம், அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உனக்கென்று முப்பத்தொன்றாவது பை ஒன்று அம்மா தைத்திருக்கிறாள், பட்டன் நான் வைத்தது, பின்னால் கேன்வாஸ் இரட்டையாகக் கொடுத்திருக்கிறேன். ஸ்டூல் போட்டு ஏறி எதையும் எடுக்காதே, கனம் தூக்காதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், இரண்டு கையாலும் ஆசீர்வாதம் பண்ணுகிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாப்பிள்ளை தொட்டில் பார்த்து வைத்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள். வாங்க வேண்டாம் என்று சொல். அதற்குத்தான் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கை நடுங்க, மனம் நடுங்காமல் எழுதிய
உன் அப்பா