துரையின் ரோமத்தில் படிந்த புகை

மார்ச் 4, செவ்வாய்
பழுது பார்க்க இரண்டு ஸ்பீக்கர்கள் வந்தன. ஒன்றில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகியிருக்கிறது. எங்கள் பூனை துரை சில நாட்களாக மீனை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே போய்விடுகிறான். எச்சில் வேறு ஒழுகுகிறது. பல்வலியாக இருக்கும்.

மார்ச் 8, சனி
பல்வலி இல்லை. நாக்குக்கு அடியில் கட்டி. கால்நடை மருத்துவர் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மனைவி பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்க்காமல் துரையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 13, வியாழன்
புற்றுநோய்தான்.
அன்று சிகரெட்டைப் பற்றி ஏன் கேட்டார் என்று மருத்துவர் விளக்கினார். புகை ரோமத்தில் படியுமாம். பூனை உடம்பை நக்கி நக்கி அதை உள்ளே இறக்குமாம். வீட்டுத் தூசி, உண்ணிக்குக் கட்டும் கழுத்துப்பட்டை என்று வேறு சந்தேகங்களும் உண்டாம். "இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார்.
ஈயம் பற்றவைக்கும் புகையாலும் வருமா என்று ஆவலாகக் கேட்டேன். தெரியவில்லை என்றார். அதுவாக இருந்துவிடக் கூடாதா? அது சோறு போட்ட புகை. இன்னொன்று என்ன போட்டது?

மார்ச் 14, வெள்ளி
சிகரெட் பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் எறிந்தேன். சாயங்காலம் அதே குப்பையைக் கிளறினேன். தூ.

மார்ச் 17, திங்கள்
தனியாகப் போய் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, வலி மருந்தைத் தவறாமல் கொடுக்கச் சொன்னார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 22, சனி
இப்போதெல்லாம் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் அவனைத் தூக்குகிறேன். வேற்றாள் என்று நினைத்தானோ என்னவோ, சட்டையை முகர்ந்துகொண்டே இருந்தான். பிறகு மடியில் படுத்துக்கொண்டான்.

மார்ச் 29, சனி
கடைசி ஊசி போட்டாயிற்று. மேஜை சில்லென்றிருந்தது. அவன் தலைக்கு அடியில் என் கையை வைத்தேன்.

ஏப்ரல் 2, புதன்
மனைவியிடம் அழுதுவிட்டேன். துரையைக் கொன்றது நான்தான், அவனுக்காகவே சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
"அவனுக்காக விட்டுட்டீங்க, நல்லது. கல்யாணமான நாள்லருந்து நானும் இதே ரூம்லதான் மூச்சு விடுறேன்."
இவ இருமுறப்பல்லாம் ரேடியோ சத்தத்தக் கூட்டி வச்சவன்தானே நான் — ஏன் இருமுறேன்னு ஒரு நாளாவது கேட்டேனா? கேக்கலயே.

ஏப்ரல் 7, திங்கள்
மனைவியின் இருமலுக்காக நெஞ்சு மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரே படத்தில் கட்டி எதுவும் இல்லை. ஆனால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது, இனி தினமும் இன்ஹேலரில் மருந்தை உறிஞ்ச வேண்டும். வீட்டுக்கு வந்து, அவள் அந்தச் சின்னக் குழாயைக் கையில் எடுத்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே போகப் பார்த்தேன்.
"உக்காருங்க," என்றாள். "எப்படின்னு நீங்களும் பாத்துக்கங்க."
உட்கார்ந்தேன்.