சுவரைப் பார்த்து உட்கார்ந்தவளுக்கு

இந்த மெத்தையில் உட்கார்ந்தால் இன்னும் உன் தைல வாசனை அடிக்கிறது. இலவம்பஞ்சு அடைத்து நீயே தைத்த தியான மெத்தை. போன வாரம் உன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் போனதும் அதைச் சுவரில் வீசி எறிந்தேன். நீ போய் நான்கு மாதமாகிறது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

பள்ளிக்கூட வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்து அழுத்தி, நீ தூக்கமில்லாமல் தவித்த வருஷத்தில்தான் இது தொடங்கியது. போனில் பார்த்துப் பார்த்து, சுவரைப் பார்த்து உட்காரும் ஜென் தியானம் பழகினாய். உக்குவளையில் ரயில் பாதையோரத்தில் உன் வீடு. ரயில் போனால் உன் எதிரே இருந்த சுவரே அதிரும். நீ அசையமாட்டாய். ஞாயிறு பூசை முடிந்து உன் வீட்டுக்கு வரும் தோழி என்னையும் பக்கத்தில் உட்கார வைக்கப் பார்ப்பாய்.

"எதையும் வெரட்டாத, எதையும் புடிச்சு வைக்காத. சும்மா ஒக்காரு."

"சோறு வடிக்கிற நேரத்துல சுவத்தப் பாத்துகிட்டு! போடி பைத்தியக்காரி" என்று நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். ஆனால் உன் முகம் தெளிந்து வந்ததைப் பார்த்து உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

கடைசி ஞாயிறு நீ இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நெற்றி வியர்த்திருந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கொப்பிக்கட்டு தூக்குனது."

இருபது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அந்தப் பதிலை நம்பினேன். அதற்கு என்மேலும் கோபம்தான்.

புதன்கிழமை காலை, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து கிடந்தாய். மாரடைப்பு. சாவீட்டுக்கு வந்தவர்கள், "குடுத்து வச்சவங்க, தியானத்துலயே போயிட்டாங்க" என்றார்கள். உன் கைக்குள் இறுகியிருந்த சேலைத் தலைப்பை விரல் விரலாகப் பிரித்து எடுத்தவள் நான். அமைதியாகப் போனாயாம்!

எட்டாம் நாள் உன் மகள் உண்மையைச் சொன்னாள்.

"மூணு வாரமாவே நெஞ்சு வலி ஆன்ட்டி. கேட்டா, பாத்துகிட்டே இருந்தா அதுவா போயிரும்னாங்க. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதாம். சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துகிட்டுப் போயிருவீங்களாம்."

இழுத்துக்கொண்டுதான் போயிருப்பேன். தலைமயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். எதையும் பிடித்து வைக்காதே என்று எனக்குச் சொன்னவள், வலியை மட்டும் மூன்று வாரம் பொத்தி வைத்திருந்தாயே! சும்மா உட்காருவது வேறு, வாயை மூடிக்கொண்டு சாவது வேறு. இது உனக்குத் தெரியாதா?

எறிந்த மறுநாள் மெத்தையை எடுத்துத் தட்டிப் போட்டு உட்கார்ந்தேன். உன்னோடு சண்டை போட எனக்கு வேறு இடமில்லை. மூச்சை எண்ணினால் நாலைத் தாண்டுவதில்லை. அதற்குள் நீ வந்துவிடுவாய். திட்டுவேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். ஒரு வாரமாக இப்படித்தான் நடக்கிறது.

இன்று உன் மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், "ஆன்ட்டி, கால் மரத்துப்போச்சு, தாங்க முடியல" என்றாள். வலியை வாய்விட்டுச் சொன்னாளே! அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. காலை நீட்டச் சொல்லித் தேய்த்துவிட்டேன்.

"நெஞ்சு வியாதி குடும்பத்துல வழிவழியா வரலாம். வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போவோமா?"

"சரி ஆன்ட்டி" என்றாள் உடனே.

ஆஸ்பத்திரிப் பேச்செடுத்தால் உன்னிடமிருந்து அந்த 'சரி' ஒருநாளும் வந்ததில்லை. நாங்கள் இருவரும் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தோம். உன்மேல் கோபம் குறையவில்லை. அதோடுதான் நாளைக்கும் உட்காருவேன்.