கைப்பிடி இல்லாத அடிபம்பு

பிப்ரவரி 6, 1995

இன்றும் திருவல்லிக்கேணிச் சந்து. அடிபம்புத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, லேபிள் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. அஃப்சருன்னிசா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுவது பழக்கமாகிவிட்டது. போனவுடன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் பேச்சை ஆரம்பிக்கக் கூடாதாம் அவர்கள் வீட்டில். நானோ மந்தைவெளியிலிருந்து காய்ச்சி எடுத்துவந்த பாட்டிலைத் திறப்பேன். தொண்டை சரியில்லை என்பேன். ஒருத்திக்கு எத்தனை மாதம்தான் தொண்டை சரியில்லாமல் இருக்கும்? ஆனாலும் அவள் டம்ளர் வைப்பதை விடவில்லை.

"இதெல்லாம் எழுதி இன்னா ஆவும் டீச்சர்?" என்றாள். நோட்டும் பேனாவுமாக வருவதால் நான் அவளுக்கு டீச்சர்.

"குழாய் வரும்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

பிப்ரவரி 20

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பம்புத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. அந்தச் சந்துக் குழந்தைகளுக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு வருவது இதனால்தான். முதலில் சந்தோஷம்தான் வந்தது — நான் நினைத்தது சரியாகிவிட்டதே என்று. என்ன ஜென்மம் நான்!

அஃப்சருன்னிசாவிடம் போய்ச் சொன்னேன். காய்ச்சிக் குடியுங்கள் என்றேன். "கெரசின் கெடைக்கிற அன்னிக்குக் காய்ச்சறோம் டீச்சர்" என்றாள்.

மார்ச் 14

உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி. என்னுடைய கைடு வேதாந்தம் சார் இன்று கூப்பிட்டு அனுப்பினார். சமூகத்துக்குப் பயன்பட்ட ஆராய்ச்சிக்கென்று பல்கலைக்கழகம் புதிதாக ஒரு பரிசு வைத்திருக்கிறது. கிடைத்தால் துறைக்கு இரண்டு வருஷத்துக்கு நிதி. ஒரே நிபந்தனை: ஆராய்ச்சியை யாராவது நடைமுறையில் பயன்படுத்தியிருக்க வேண்டும். அதற்கு ஆதாரமும் வேண்டும்.

எங்கள் துறையில் தெருப் பெயரை எழுதமாட்டோம். 'அ' தெரு, 'ஆ' தெரு என்றுதான் போடுவோம். அங்கே குடியிருப்பவர்களுக்கு நம்மால் ஒரு தொந்தரவும் வரக் கூடாதென்று.

"எந்தத் தெருன்னே சொல்லாம குடிநீர் வாரிய ஆபீஸ்ல யார் என்ன பண்ணுவா? பேரைப் போடும்மா" என்றார் சார்.

நியாயமாகத்தான் பட்டது. போட்டேன். அறிக்கையோடு வைத்த தெருப் படத்தில் பம்பு இருக்கும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளியும் வைத்தேன். தேடி அலையக் கூடாதே, பாவம்!

ஏப்ரல் 3

அறிக்கை ஆபீசுக்குப் போய்விட்டது. குழாய் கொடுத்த பிறகுதான் பம்பை மூட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

மே 9

கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பம்பு மட்டும் மொட்டையாக நிற்கிறது. 'குடிக்க உதவாது' என்று சிவப்புப் பெயின்ட். எதிரே குடங்கள் வரிசையாக, எப்போதும் இடம் பிடித்து வைப்பதுபோல. யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கைப்பிடி திரும்ப வரும் என்று நினைக்கிறார்களா?

"டீச்சர் எழுதிக் குட்த்ததுனு சொன்னாங்கோ. மெய்யாவா?" அஃப்சருன்னிசா கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம்.

"ஆமாம்."

"அப்ப குழாய் எப்ப வரும்?"

எனக்கு என்ன தெரியும்? எனக்கு என்னதான் தெரியும்?

மே 10

இவரிடம் சொல்லி அழுதேன். "கெட்ட ஜலம்னு நீதானே சொன்னே? மூடிட்டா. இதுக்குப் போய் ஆத்துல உக்காந்து அழுதுண்டு..." என்றார். இவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மே 22

ஆபீசில் போய் நின்றேன். அங்கே இருந்த அதிகாரி என் அறிக்கையை எடுத்து எனக்கே படித்துக் காட்டினார்.

"நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க? இப்ப நீங்களே திரும்ப மாட்டச் சொல்றீங்க. நாளைக்கு யாருக்காவது காலரா வந்தா யார் பதில் சொல்றது?"

கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். "குழாயா? அது வேற செக்ஷன்."

மே 29

வேற செக்ஷன். அங்கேயும் போய்க் கேட்டேன். பேப்பரே வரவில்லையாம்.

ஜூன் 5

'தங்கள் ஆய்வின் அடிப்படையில் பம்பு மூடப்பட்டது' என்று ஆபீசிலிருந்து சாருக்குக் கடிதம். சார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "இதைவிட என்ன ஆதாரம் வேணும் ஜானு?"

"சார், விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிடலாம் சார்" என்றேன்.

கடிதத்தை மடித்து ஃபைலில் வைத்தார். "துறை பேர்ல போயிருக்கும்மா. பணம் வந்தாதானே நீ குழாய்க்காகத் திரும்பவும் எழுத முடியும்?"

கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூலை 18

பரிசு கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் இனிப்பு.

ஆகஸ்ட் 11

விழா. 'மக்களின் உயிர் காத்த ஆய்வு' என்று வாசித்தார்கள், ஒரே கைதட்டல். சந்தில் இன்னும் குழாய் வரவில்லை என்று மேடையில் சொல்லிவிடுவதாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். மைக் என் பக்கம் வரவே இல்லை. நிகழ்ச்சி நிரலில் ஏற்புரை கிடையாதாம். "மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர்.

சிரித்தேன். சிரிச்சுத் தொலைச்சேனே!

ஆகஸ்ட் 12

ஷீல்டை இவர் டி.வி. மேல் வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 4

நிதி வந்துவிட்டது. அடுத்த ஆய்வு — பம்பை மூடியதால் அந்தப் பகுதி மக்கள் அடைந்த நன்மைகள். தலைப்பைப் பல்கலைக்கழகமே கொடுத்துவிட்டது. குழாயைப் பற்றியும் ஒரு கேள்வி சேர்க்கலாமா என்று கேட்டேன். தலைப்புக்குள் வராதாம். முதல் கேள்வி: இப்போது குடிநீர் எங்கே எடுக்கிறீர்கள்?

சந்துக்குப் போனேன். தண்ணீர் லாரி மெயின் ரோட்டில்தான் நிற்குமாம், அதுவும் வந்தால்தான். அஃப்சருன்னிசா என்னைப் பார்த்ததும் உள்ளே போனாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். டம்ளரோடு வந்தாள். அவள் பின்னால் கதவு திறந்திருந்தது. ஒரே ஒரு குடம், சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தது. அடியில் கொஞ்சம்தான் இருக்கும்.

பையில் என் பாட்டில் இருந்தது. கையை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

"இப்ப பயப்படாம குடிங்க டீச்சர். லாரித் தண்ணிதான்" என்றாள்.

அப்படியானால், அத்தனை மாதமும் அவளுக்குத் தெரியும்.

ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். படியில் உட்கார்ந்துகொண்டாள். "கேளுங்கோ, இன்னா கேக்கணும்?" என்றாள். பேனாவைத் திறந்தேன்.