நாலு நாள் வெள்ளைத் தாள்

சார்,

இன்று காலை காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் குழியில் ஆயில் கருகும் நாற்றம் வந்தது. பாறையை முட்டி மெஷின் சூடேறினால் வருமே, அதே நாற்றம். உங்கள் மணிக்கட்டை நான் உடைத்த அன்றும் அப்படித்தான் நாறியது.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத் தண்ணீர்க் குழாய் போட, நெடுஞ்சாலைக்கு அடியில் மெஷினால் சுரங்கம் குடைந்துகொண்டிருந்தோம். நான் பன்னிரண்டு ஆட்களுக்கு மேஸ்திரி. நீங்கள் செவ்வாப்பேட்டையிலிருந்து ரயில் மாறி வரும் கம்பெனி இன்ஜினியர். மண்ணோ பாறையோ, மீட்டருக்கு ஒரே கூலி என்று ஒப்பந்தம். பாறை வந்ததும் நாளுக்கு ஒரு முழம் நகர்வதே பெரும்பாடு; ஆட்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மெஷின் எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறது, எவ்வளவு நகர்கிறது என்று கோடு போடும் பெட்டி ஒன்று இருந்தது. அதன் தாள் சுருளை நீங்கள் கிழித்துக்கொண்டு போவீர்கள். எங்களைச் சோம்பேறிகள் என்று காட்டத்தான் வேவு பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். நாலு நாள்.

ஐந்தாம் நாள் கத்தினீர்கள்: "எவன்யா ஒயர்ல கை வெச்சது?"

"எங்க வயித்துல அடிக்கத்தான வந்துகினு போற?" என்று கம்பியால் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நீங்கள் மட்டும் சளைத்தவரா? மற்ற கையால் ஸ்பானரை எடுத்து என் வாயில் ஒரு போடு போட்டீர்கள். இரண்டு பல் போச்சு. சேற்றில் கட்டிப் புரண்ட நம்மை ஆட்கள் பிரித்த பிறகு, மூச்சிரைக்க, ரத்தம் வழியும் கையாலேயே சுருளை விரித்தீர்கள்.

"பார்யா. அழுத்தம் ஏறுது, மெஷின் நகரல. பாறைன்னு மெஷினே சொல்லுது. இத வெச்சித்தான் பாறைக்குத் தனி ரேட் கேட்டுகினு கீறேன். இந்த நாலு நாள் எங்க?"

தாள் வெள்ளையாக இருந்தது. இருப்பதிலேயே கெட்டிப் பாறையை உடைத்தது அந்த நாட்களில்தான். பிடுங்கியது நான் என்று சொன்னதும் என் ஆட்களே என்னைப் போட்டு மிதித்தார்கள். ஒடிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு நீங்கள் குறுக்கே வந்து விழுந்தீர்கள்.

"அவன அடிச்சா தாள்ல கோடு வந்துடுமா?"

கட்டுப் போட்ட கையோடு கம்பெனியிடம் சண்டை போட்டீர்கள். கோடு இருந்த நாட்களுக்குப் பாறை ரேட் வந்தது. அந்த நாலு நாளுக்கு மண் ரேட்தான். சுருளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்கள் கை அப்புறம் சரியாக மடங்கவே இல்லை. போன மாதம் உங்கள் உடலுக்கு மாலை போட வந்தபோது அந்தக் கைதான் முதலில் கண்ணில் பட்டது. பாவி நான்.

இப்போது நானே கான்ட்ராக்டர். மெஷின் போடும் கோட்டின்படிதான் கூலி என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகிறேன். இன்று அந்த நாற்றத்துக்கு இறங்கிப் பார்த்தால், பெட்டியின் ஒயர் தொங்குகிறது. என் ஆள் ஒருத்தன் கையில் கம்பியோடு முறைக்கிறான்.

"இன்னா, எங்கள வேவு பாக்கறியா?"

எனக்கும் கை ஓங்கியது சார். பல்லைக் கடித்துக்கொண்டு, எப்போதும் என்னோடு இருக்கும் பையிலிருந்து உங்கள் சுருளை எடுத்து அவன் காலடியில் விரித்தேன். குனிந்து பார்த்தான். கம்பி தாழ்ந்தது.

"இந்த எடம் ஏன் வெள்ளையா கீது? இது இன்னா கறை?"

"நான் ஒயரப் புடுங்கன நாளு அது," என்றேன். "கறை, எனக்காகப் பேச வந்தவரோட ரத்தம்."